சி பக்கம் மட்டும் நிரம்பிய நோட்டு

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தபோது, சம்பளத்தில் சேராத ஒரு கூடுதல் வேலையையும் என்னிடம் கொடுத்தார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, பிராக்டிகலில் அடிபடும் ஆங்கிலச் சொற்களை அகரவரிசையில் எழுதிப் பொருள் போட்டுத் தர வேண்டும். முகவரி எழுதுவதற்காக ஓரத்தில் எழுத்து வெட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நோட்டு ஒன்று வாங்கி ஆரம்பித்தேன். சி பக்கம்தான் முதலில் நிரம்பியது. அப்புறம் அட்டையின் உட்புறத்திலும் சி சொற்களையே எழுத வேண்டி வந்தது. கியூவும் எக்ஸும் கடைசிவரை வெள்ளையாகவே கிடந்தன.

காரணம் எளிது. செல், சார்ஜ், கரண்ட், கண்டக்டர், கேத்தோடு, கேட்டயான், கெபாசிட்டி, கான்சன்ட்ரேஷன், கரோஷன் என்று மின்வேதியியலில் பாதிச் சொற்கள் அந்த ஓர் எழுத்தில் தொடங்குகின்றன. தமிழில் எழுதினால் ககரத்துக்கும் சகரத்துக்கும் சிதறிவிடும்; ஆங்கில வரிசையில் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. மின்வேதியியல் எங்கள் ஊருக்கு வேற்றுச் சரக்கும் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் அது சிக்ரி. பிள்ளைகள் பலரும் அந்தப் பெயரைச் சின்ன வயதிலிருந்தே ஒரு பஸ் நிறுத்தமாகக் கேட்டு வளர்ந்தவர்கள். உள்ளே நடப்பது என்ன என்று கேட்டால், ‘பேட்டரி செய்வாக’ என்பார்கள். முழுப் பதில் இல்லை என்றாலும் தப்பான பதிலும் இல்லை.

நோட்டு எழுத உட்கார்ந்தபோது, வாயில் நுழையாத சொற்கள்தான் பிள்ளைகளைத் தடுக்கும் என்று துறையில் எல்லாரும் சொன்னார்கள். நடந்தது வேறு. கேட்டலிஸ்ட் என்ற சொல்லை யாரும் வீட்டில் கேட்டிருக்க மாட்டார்கள். வினையூக்கி என்று சொல்லி, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சிட்டிகை மாங்கனீசு டைஆக்சைடைப் போட்டு, அது நுரைத்துப் பொங்குவதைக் காட்டினால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. நேர்மின் அயனிக்குப் பெயரான கேட்டயானை முதல் தடவை பார்க்கிறவர்கள் ஸ்டேஷன், நேஷன் மாதிரி ‘கேஷன்’ என்று படிப்பார்கள். திருத்தினால் ஒரு சிரிப்போடு முடிந்துவிடும்.

தகராறு செய்தவை தெரிந்த சொற்கள். தெரியும் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்காததால் நமக்கும் தெரியவருவதில்லை.

சார்ஜையே எடுத்துக்கொள்வோம். பள்ளத்தூரிலிருந்து வருகிற பிள்ளைக்கு முதலில் அது பஸ் சார்ஜ். அப்புறம் போன் சார்ஜ். புதுத் தாசில்தார் சார்ஜ் எடுத்துக்கொள்கிறார், போலீஸ் சார்ஜ் ஷீட் போடுகிறது, கூட்டத்தில் லத்தி சார்ஜ் நடக்கிறது, ஹெச்.ஓ.டி. லீவு போட்டால் நான் இன்சார்ஜ். இவ்வளவையும் மண்டையில் வைத்துக்கொண்டு வருகிறவரிடம் ‘எலக்ட்ரானுக்கு நெகட்டிவ் சார்ஜ்’ என்றால் என்ன ஆகும்? தேவகோட்டைப் பெண் ஒருத்தி கேட்டே விட்டாள்: “மைனஸ்னா சார்ஜ் இறங்கிப் போச்சுன்னு அர்த்தமா மேடம்?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போன் திரையில் சார்ஜ் இறங்குவதைத்தானே தினமும் பார்க்கிறாள். அந்தச் சொல்லின் பழைய பொருள் வண்டியில் பாரம் ஏற்றுவது. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும், ஒருவர் தலையில் பொறுப்பையோ குற்றத்தையோ ஏற்றுவதும் அதன் கிளைகள். நம் பாடநூல்கள் மின்னூட்டம் என்றும் மின்சுமை என்றும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. சுமை என்பது அந்தப் பழைய பாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் போன் சார்ஜுக்கு இரண்டுமே சரிப்படாது. முழு சார்ஜில் இருந்தாலும் அணைந்தே போனாலும் பேட்டரியின் நிகர மின்னூட்டம் சுழிதான். ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் வெளியேறுகிறதோ அத்தனை மறு முனையில் உள்ளே வந்துவிடும். தீர்ந்துபோவது சேமித்து வைத்த ஆற்றல். இதைச் சொன்னதும் வகுப்பே போனை எடுத்துப் பார்த்தது. ஆய்வகத்தில் போனை வெளியே எடுக்கக் கூடாது என்று விதி உண்டு, அன்றைக்கு விட்டுவிட்டேன்.

கரண்ட் இதற்குச் சளைத்ததில்லை. ‘கரண்ட் போயிருச்சு’ என்று நாம் சொல்லும்போது போவது மின்சாரம் முழுக்க. பாடத்தில் கரண்ட் என்பது ஒரு நொடிக்கு எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்ற கணக்கு மட்டும். அதற்குச் சி என்று குறியீடு போட்டால் தப்பு. பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர் தன் மொழியில் மின்னோட்டத்தின் வலிமை என்று எழுதியதன் முதல் எழுத்தான ஐ நிலைத்துவிட்டது. சி, மின்னூட்டத்தின் அலகான கூலும்புக்குப் போய்விட்டது. அதே சிதான் கார்பன், அதே சிதான் மின்தேக்குதிறன், வட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டால் செல்சியஸ். சின்ன எழுத்தில் எழுதினால் ஒளியின் வேகம். செல்சியஸுக்கு அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக வந்ததும் 1948-ல்தான், அதுவரை சென்டிகிரேடு. எங்கள் பழைய தெர்மாமீட்டர் பெட்டி ஒன்றில் இன்னும் சென்டிகிரேடு என்றே அச்சடித்திருக்கும்.

பேட்டரிக்காரர்களின் சி தனி. அவர்களுக்கு அது கெபாசிட்டி. 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை ஒரு மணி நேரத்தில் காலி செய்யும் வேகம் ‘ஒன் சி’, அரை மணியில் காலி செய்தால் ‘டூ சி’. அந்த 5000-ஐக் கூலும்பாக மாற்றினால் 18,000. ஆக ஒரு சி பேட்டரியில் 18,000 சி இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதி வைத்து யார் முழிக்கிறார்கள் என்று பார்ப்பேன். கொஞ்சம் வம்புதான், ஆனால் எதற்கும் யூனிட் எழுதாத பிள்ளைகளை வேறு எப்படி எழுத வைப்பது?

நோட்டில் நான் அதிகம் அடித்துத் திருத்தி எழுதியது கேத்தோடைத்தான். இது தெரியாத சொல், அதனால் சுலபமாக இருந்திருக்க வேண்டும். நம் மொழிபெயர்ப்புதான் இதைத் தெரிந்த சொல்லாக்கி வம்பில் மாட்டிவிட்டது. 1834-ல் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே தன் சோதனைகளில் கரைசலுக்குள் மின்னோட்டம் நுழையும், வெளியேறும் முனைகளுக்குப் பெயர் தேடி, கேம்பிரிட்ஜில் இருந்த அறிஞர் வில்லியம் ஹியூவெல்லிடம் கேட்டு வாங்கியவை ஆனோடும் கேத்தோடும். கிரேக்கத்தில் ஒன்று ஏறும் வழி, மற்றது இறங்கும் வழி. மின்னோட்டம் சூரியனைப் போலக் கிழக்கிலிருந்து மேற்கே போவதாக வைத்துக்கொண்டால், சூரியன் எழும் பக்கம் ஆனோடு, விழும் பக்கம் கேத்தோடு. அதில் பிளஸ், மைனஸ் என்ற பேச்சே கிடையாது. மின்னோட்டத்தின் தன்மையைப் பற்றிப் பின்னால் யார் என்ன கண்டுபிடித்தாலும் பெயர் பொய்க்கக் கூடாது என்று ஃபாரடே யோசித்து வைத்தது அது.

தமிழில் கேத்தோடை எதிர்மின்வாய், எதிர்மின்முனை என்று எழுதிவிட்டோம். முலாம் பூசும்போது பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கிறோம், பூச வேண்டிய பொருளை மைனஸில் கட்டுகிறோம், அதுவே கேத்தோடு. ஆனால் டேனியல் செல் செய்யும் நாளில் எல்லாம் தலைகீழ். துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்து தானாகவே சுமார் 1.1 வோல்ட் தரும். அங்கே தாமிரம்தான் கேத்தோடு, தாமிரம்தான் பிளஸ். எதிர்மின்வாய் நேர்முனையாக உட்கார்ந்திருக்கும்! பிள்ளைகள் பெயரை நம்பித் தாமிரத்தை வோல்ட்மீட்டரின் மைனஸில் செருகுவார்கள். முள் பூச்சியத்துக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நிற்கும். “மறுபடியும் ஒயரை மாத்திக் குடுத்துட்டாக மேடம்” என்று அட்டெண்டர் அண்ணன் மீட்டரைப் பிடுங்கிக்கொண்டு வருவார். அவருக்கு மீட்டர் கெட்டுவிடும் என்ற பயம்.

விளக்கிப் பார்த்தேன். ஒடுக்கம் நடக்கும் இடம் கேத்தோடு, ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் ஆனோடு என்றேன். தலையாட்டினார்கள், அடுத்த வாரமும் மாற்றிச் செருகினார்கள். கடைசியில் வழி சொன்னது புதுவயலில் இருந்து வந்த ஒரு பையன். அவன் அப்பா அங்கே ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. “எலக்ட்ரானை வரவு வைக்கிற இடம் கேத்தோடு, பற்று எழுதுற இடம் ஆனோடு. இப்படி வச்சுக்கலாமா மேடம்?” என்றான். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். டேனியல் செல்லிலும் அதுதான், முலாம் தொட்டியிலும் அதுதான். கரைசலில் இருக்கும் தாமிர அயனி தன் பேரில் இரண்டு எலக்ட்ரானை வரவு வைத்துக்கொண்டு உலோகமாகத் தகட்டில் படிகிறது. செட்டிநாட்டில் பேரேட்டைப் பற்றித் தெரியாத வீடு குறைவு. அன்றிலிருந்து ஒயர் மாறுவது வெகுவாகக் குறைந்தது.

அந்தப் பையன் அதோடு விடவில்லை. +2 மின்னூட்டத்தோடு இருந்த தாமிர அயனி எலக்ட்ரானை வரவு வைத்த பிறகு பூச்சியம் ஆகிறதே, வரவு வந்தால் கணக்கு ஏறத்தானே வேண்டும் என்றான். நல்ல கேள்வி. பிளஸ், மைனஸ் என்ற பெயர்களை வைத்தவர் 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். எந்தப் பக்கம் மிகுதி, எந்தப் பக்கம் குறைவு என்று பார்த்துச் சொல்ல அவருக்கு வழியில்லை; ஒன்றை அனுமானித்துக்கொண்டார். 1897-ல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டபோது அது மைனஸ் பக்கம் இருந்தது. அதனால்தான் எலக்ட்ரான் வரவு வந்தால் கணக்கு இறங்குகிறது. அதற்குள் புத்தகமெல்லாம் எழுதி முடித்திருந்தார்கள். யார் மாற்றுவார்கள்?

கேரட்டுக்கு இவ்வளவு பாடு இல்லை. வைரத்துக்கு அது எடை, ஒரு கேரட் 200 மில்லிகிராம். தங்கத்துக்கு அது தரம், 24-ல் எத்தனை பங்கு என்பது. மூன்றாவது கேரட் சாம்பாருக்கு. வைரத் தோடு பார்த்து வளர்ந்த பெண்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கான்சன்ட்ரேஷன் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன், ஏனென்றால் அங்கே விளையாட்டு கையைச் சுடும். ரிப்போர்ட் கார்டில் ‘கான்சன்ட்ரேஷன் போதாது’ என்று எழுதி வாங்கியவர்கள் அதைக் கவனம் என்று அறிவார்கள். ஆய்வகத்தில் அது செறிவு. அதைவிட ஆபத்து, செறிவையும் ஸ்ட்ராங்கையும் ஒன்றாக நினைப்பது. ஸ்ட்ராங் காபி என்றால் டிகாஷன் கூட என்று அர்த்தம் அல்லவா? அமிலத்தில் அப்படி இல்லை. அங்கே ஸ்ட்ராங் என்பது அமிலம் தண்ணீரில் எவ்வளவு முழுமையாக அயனிகளாகப் பிரிகிறது என்பதைப் பற்றியது. எவ்வளவு தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தாலும் ஹைட்ரோகுளோரிக் வலிமை மிகு அமிலம்தான். தண்ணீரே கலக்காத அசெட்டிக் அமிலம் பேருக்கு வீக், ஆனால் தோலில் பட்டால் கொப்பளிக்க வைத்துவிடும். ‘வீக் ஆசிட்தானே மேடம்’ என்று கையுறை இல்லாமல் பாட்டிலைத் திறக்கப் போனவர்களை நான் அதட்டியிருக்கிறேன்.

கியூர் என்ற சொல்லை நோட்டில் சேர்த்தது நான் இல்லை, ஆத்தங்குடிப் பையன் ஒருவன். அவர்கள் வீட்டில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடுகிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவார்கள். அதைத்தான் கியூரிங் என்கிறார்கள். வைத்தியர் செய்வதும் கியூர் என்று டிக்ஷனரியில் இருக்கிறதே, கல்லுக்கு என்ன நோய் என்று கேட்டான். அக்கறையோடு பார்த்துக்கொள்வதுதான் அந்தச் சொல்லின் வேர். அதில் நோயாளியும் அடங்குவார், உப்புப் போட்ட இறைச்சியும் அடங்கும், சிமெண்டும் அடங்கும். நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: “சிமெண்ட் காயணும்னா எதுக்குடா தண்ணிக்குள்ள போடுறீங்க?” அவனிடம் பதில் இல்லை, ஆனால் முகம் மாறியது. சிமெண்ட் காய்வதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தண்ணீர் போதாமல் உலர்ந்துவிட்டால் அந்த வினை பாதியில் நின்று கல் வலுவில்லாமல் போகும். சிறு வயதிலிருந்து கண் முன்னால் நடந்த விஷயம், ‘காயுது’ என்ற ஒரு சொல்லால் மறைந்து கிடந்தது.

அட்டையின் உட்புறத்தில் கடைசியாக எழுதிய சொல் கன்ட்ரோல். ஆணி துருப்பிடிக்கும் சோதனையில் வந்தது. ஒரு குழாயில் உப்புத் தண்ணீர், ஒன்றில் கொதிக்க வைத்து எண்ணெய் மூடிய தண்ணீர், ஒன்றில் துத்தநாகம் சுற்றிய ஆணி, கடைசியில் சாதாரணத் தண்ணீரில் ஒன்றும் செய்யாத ஆணி. அந்தக் கடைசிக் குழாய்க்குத்தான் கன்ட்ரோல் என்று சீட்டு ஒட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. கன்ட்ரோல் என்றால் அடக்கி வைப்பது, சுகர் கன்ட்ரோலில் இருக்கிறது என்பது மாதிரி. இங்கே எதையுமே அடக்காமல், துருப்பிடிக்க விட்ட ஆணிக்குப் போய் அந்தப் பெயரா? மற்ற மூன்றையும் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று கேட்டால் புரிகிறது, ஆனால் பெயர் மட்டும் ஒட்டவில்லை. ஒரு குழு அந்தக் குழாயில் ‘சும்மா விட்ட ஆணி’ என்று எழுதி ஒட்டியிருந்தது. பிராக்டிகல் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் படித்துவிட்டு, “இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டார். கன்ட்ரோல் என்றார்கள். “எதற்காக வைத்தீர்கள்?” என்றார். சரியாகச் சொன்னார்கள். மதிப்பெண்ணைக் குறைக்காமல் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.