மரியாவின் கறுப்புப் பானையும் மானாமதுரை தட்டுப்பலகையும்

கீழடி அருங்காட்சியகத்தில் கறுப்பு சிவப்புப் பானைகளைப் பார்த்திருப்பீர்கள், உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. சாயமெல்லாம் இல்லை. சூளையில் காற்று கிடைக்காத பக்கம் கறுக்கும், கிடைத்த பக்கம் சிவக்கும், அவ்வளவுதான்.

இதே சூட்சுமத்தை வைத்து அமெரிக்காவில் ஒரு பெண் பெரிய பேர் வாங்கினார். நியூ மெக்சிகோவில் சான் இல்டெஃபான்சோ என்ற பியூப்லோ பழங்குடி ஊரைச் சேர்ந்த மரியா மார்ட்டினெஸ். நெருப்பு நன்றாகப் பிடித்திருக்கும்போது தூளாக்கிய சாணத்தைக் கொட்டி மூச்சு முட்ட அமுக்கிவிடுவார்கள், உள்ளே புகை சுற்றிச் சுற்றி, சிவப்பாக வரவேண்டிய மண் கன்னங்கரேலென்று வெளியே வரும். கணவர் ஜூலியன் சித்திரம் எழுதிய இடம் மட்டும் மங்கலாக நிற்க, மற்றதெல்லாம் பளபளக்கும். 1919 வாக்கில் இருவரும் சேர்ந்து பிடித்த வழி இது.

அங்கே பரம்பரையாகச் சக்கரமே கிடையாது. மண்ணைக் கயிறு போலத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, சுரைக்குடுவைத் துண்டால் வழித்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தக் கல் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும், பாத்திரம் பண்டம் சீதனமாகப் போகிற மாதிரி. ஆகோமா என்ற இன்னொரு பியூப்லோ ஊரில் உடைந்த பழைய பானை ஓடுகளை இடித்துப் புது மண்ணில் கலப்பார்கள், பானை சுடும்போது வெடிக்காமல் இருக்க. அரிசோனாவில் ஹோப்பி பழங்குடியினர் பக்கத்தில் நம்பேயோ என்றொரு பாட்டி, பார்வை மங்கிய பிறகும் கைத்தடவலிலேயே பானை செய்தார், சித்திரத்தை மகள்கள் எழுதினார்கள்.

சரி, நம்ம பக்கம்? சக்கரம் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான். ஆனால் சக்கரத்திலிருந்து இறங்குவது பாதிப் பானைதான் சார். ஈரம் கொஞ்சம் வற்றியதும் உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி வயிற்றை எடுப்பது பல வீடுகளில் பெண்கள்தான். கச்சேரியில் வாசிக்கிற மானாமதுரைக் கடத்துக்கு இந்தத் தட்டல் ஆயிரக்கணக்கில் போகும், சுவர் எங்கும் ஒரே கனமாக வராவிட்டால் சுருதி நிற்காது. இப்படிக் கடம் செய்யும் வேலைக்காக மானாமதுரை மீனாட்சி கேசவன் அவர்களுக்குச் சங்கீத நாடக அகாடமி விருதே கிடைத்தது. அப்படியும் கச்சேரியில் வித்வான் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறோம், கடத்தைத் தட்டிக் கொடுத்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

மரியா தன் பானை அடியில் பெயர் எழுத ஆரம்பித்தார், வாங்குகிறவர்கள் கேட்டதால். மற்ற பெண்கள் செய்த பானைக்கும் தன் பெயரையே எழுதிக் கொடுத்திருக்கிறார், நல்ல விலை போகட்டும் என்று (சேகரிப்பாளர்களுக்கு இது தலைவலி, எனக்கு ரொம்பப் பிடித்தது). மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது, ஊர் பெயருக்குக் காவல் கிடைத்தாயிற்று. தட்டிய அம்மாவின் பெயரையும் ஈரம் காய்வதற்குள் அடியில் ஓர் ஆணியால் கீறிவிடலாம், செலவு ஒரு பைசா ஆகாது. அடுத்த முறை கடம் வாங்கப் போகிறவர்கள் கேட்டுத்தான் பாருங்களேன்.