தெருமுனைக் கடைக்காக ஒரு மனு

2022 கோடையில் அம்மா எங்களோடு மூன்று மாதம் இருக்க சியாட்டில் பக்கம் வந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே காலையில் பால் தீர்ந்துபோய், நான் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். "ஏன்டா, ஒரு பாக்கெட் பாலுக்குக் காரா?" என்றார். கடை 2 மைல் தள்ளி. பாதி வழியில் நடைபாதையே கிடையாது. மதுரையில் கையில் சில்லறையைத் திணித்து என்னைத் தெருமுனை அண்ணாச்சி கடைக்கு விரட்டிய அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "இத்தனை வீடு இருக்கு, ஒருத்தருக்குக்கூட ஒரு பொட்டிக்கடை போடத் தோணலையா?"

தோன்றியிருக்கும். ஆனால் போட முடியாது. எங்கள் பகுதி முழுக்கக் குடியிருப்பு மண்டலம். வீடு கட்டலாம், கடை வைக்கக் கூடாது. இந்த ஊரில் சோனிங், அதாவது எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று பிரிக்கும் மண்டல விதி, அவ்வளவு கறாரானது. ஒஹையோவில் யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட மண்டல விதி செல்லும் என்று 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதற்கு 'யூக்ளிடியன் சோனிங்' என்றே பெயர். பள்ளியில் நம்மை வதைத்த கணக்கு வாத்தியார் யூக்ளிட்டுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. சியாட்டில் நகரத்துக்குள் கேபிடல் ஹில் மாதிரிப் பழைய பகுதிகளில் வீடுகளுக்கு நடுவே பழைய மூலைக்கடைக் கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். விதி வருவதற்கு முன்பே கட்டியதால் தப்பித்தவை அவை. எங்கள் ஊர் கார் காலத்தில் முளைத்த புறநகர். தப்பிக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் மதியம் சிட்டி ஹாலில் திட்டப் பிரிவுக் கவுன்ட்டருக்குப் போய், "விதியை மாற்றச் சொல்லி யார் கேட்கலாம்?" என்றேன். அங்கே இருந்த இளம் அதிகாரி சிரித்தார். "யார் வேண்டுமானாலும். நீங்களே கேட்கலாம்."

வாஷிங்டன் மாநிலத்தில் 1990-இல் வந்த வளர்ச்சி மேலாண்மைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. இந்தச் சட்டத்தின்கீழ் திட்டமிடும் ஒவ்வொரு ஊரும், தான் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் ஒரு பெருந்திட்டம் வைத்திருக்க வேண்டும். மண்டல விதிகள் அதற்கு முரணாக இருக்கக் கூடாது. திட்டத்தையோ விதியையோ மாற்றச் சொல்லி வருகிற யோசனைகளை எல்லாம் 'டாக்கெட்' என்ற பட்டியலில் சேர்த்து, யாரும் பார்க்கும்படி வைத்து, வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசீலிக்க வேண்டும். பெருந்திட்டத்தை, அவசரம் போன்ற சில விலக்குகள் தவிர, வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் திருத்தக் கூடாது. அந்தத் திருத்தங்களையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும், மொத்தமாக என்ன விளைவு வரும் என்று தெரிய. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் திட்டம் சல்லடையாகிவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான்.

நான் முதலில் எழுதிக்கொண்டு போனது எங்கள் தெருமுனையில் இருக்கும் ஒரே ஒரு மனையைப் பற்றி. அதிகாரி படித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். இந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த ஆலோசனை அதுதான். குறிப்பிட்ட ஒரு மனையின் மண்டலத்தை மட்டும் மாற்றக் கேட்டால் அது பெரும்பாலும் கோர்ட் வழக்கு மாதிரி ஆகிவிடும். நகரக் கவுன்சில் உறுப்பினர்கள் நீதிபதி இடத்தில் உட்காருவார்கள், வழக்கு முடியும்வரை அதைப் பற்றி உங்களோடு தனியாகப் பேசக்கூடக் கூடாது. அதுபோக, 'ஒருத்தருக்கு மட்டும் சலுகை' என்ற பேச்சும் கிளம்பும். ஊர் முழுவதற்குமான விதியின் வாசகத்தை மாற்றக் கேட்டால் அது சட்டம் இயற்றும் வேலை. யாரையும் பார்க்கலாம், காபி குடிக்கலாம், வாதாடலாம். அன்றிரவே திருப்பி எழுதினேன்: 'குடியிருப்பு மண்டலங்களில், தெருமுனை மனைகளில், சிறிய அளவிலான கடைகளை அனுமதிக்க வேண்டும்.'

2023 ஜனவரியில் கொடுத்தேன். கூடவே மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கேள்விப் பட்டியலும் நிரப்ப வேண்டியிருந்தது. இந்த இடத்தில் மான், கரடி, பருந்து, நாரை, சால்மன் மீன் எதையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்கிறது. ஒரு பால் பாக்கெட்டால் சால்மனுக்கு என்ன கேடு என்று யோசித்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

அந்த வருடம் எங்கள் ஊருக்கு வந்தவை பதினொரு மனுக்கள். வசந்த காலத்தில் கவுன்சில் கூடியபோது அலுவலர்கள் ஓர் அட்டவணையைத் திரையில் காட்டினார்கள். எது ஊருக்கு நல்லது என்று அதில் எதுவும் இல்லை. இது பெருந்திட்டத்தோடு பொருந்துகிறதா, சமீபத்தில் பார்த்துத் தள்ளியதா, வேறு வேலையில் ஏற்கெனவே அடங்குகிறதா, அலுவலர்களுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று மட்டும் கட்டங்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதல் சுற்றில் கவுன்சில் என் யோசனை சரியா தப்பா என்று பார்ப்பதே இல்லை. இந்த வருடம் இதற்கு நேரம் ஒதுக்குவதா வேண்டாமா, அவ்வளவுதான். நான் தயாரித்துப் போன மூன்று நிமிடப் பேச்சு முழுக்க நடந்து போகும் ஊரின் அருமை பெருமைகள். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. என் முறை வருவதற்குள்ளேயே என் வரிசையில் 'தள்ளிவைக்கலாம்' என்று எழுதியாகிவிட்டது.

காரணமும் இருந்தது. எங்கள் கிங் கவுன்டியில் இருக்கும் ஊர்கள் எல்லாம் 2024 டிசம்பர் 31-க்குள் பெருந்திட்டத்தை முழுதாகப் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. அது போதாதென்று 2023 மே மாதம் மாநில ஆளுநர் ஹவுஸ் பில் 1110 என்ற மசோதாவில் கையெழுத்திட்டு அதைச் சட்டமாக்கினார். 75,000 பேருக்கு மேல் வாழும் ஊர்கள், தனி வீடு மட்டுமே இருந்த மனைகளில் குறைந்தது நான்கு குடியிருப்புகளை அனுமதிக்க வேண்டும். முக்கியப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து கால் மைலுக்குள் ஆறு. எங்கள் ஊர் அதற்குள் வரும், கெடு 2025 ஜூன் 30. மாநிலம் கெடு வைத்த வேலை முதலில், கவுன்சில் தானே எடுத்துக்கொண்ட வேலை அடுத்து, எங்களைப் போன்றவர்களின் மனு கடைசியில். இந்த வரிசை எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோபத்தில் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, மூன்று தெரு தள்ளி வசிக்கும் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்வை மங்கிவிட்டதால் கார் ஓட்டுவதை நிறுத்தியவர். "அடுத்து எப்போது கொடுப்பாய்?" என்றார். அப்புறம் எப்படி விடுவது?

இடைப்பட்ட காலத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பெருந்திட்டப் புதுப்பிப்புக் கூட்டங்களுக்கு விடாமல் போனது. கடையைப் பற்றி நீட்டி முழக்காமல், ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்: 'குடியிருப்புப் பகுதிகளில் நடந்து போகும் தூரத்தில் சிறு வணிகத்தை அனுமதிப்பதைப் பரிசீலிக்க வேண்டும்.' பாட்டியும் ஆட்களைக் கூட்டி வந்தார். 2024 கடைசியில் நிறைவேறிய திட்டத்தில், முந்நூறு சொச்சம் பக்கங்களுக்கு நடுவே, அந்த வாக்கியம் லேசாகத் தேய்ந்த உருவத்தில் இருந்தது. அதைப் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

2025 ஜனவரியில் இரண்டாவது மனு. இந்த முறை அட்டவணையின் கட்டங்களுக்கு ஏற்றபடி எழுதினேன். திட்டத்தின் எந்தக் கொள்கை இதைக் கேட்கிறது, எந்த விதியில் எந்த வரி மாறினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம் என்று மூன்றே பக்கம். நடந்து போகும் ஊரின் பெருமை பற்றி ஒரு வரி இல்லை. கவுன்சிலில் ஏழில் ஐந்து பேர் சரி என்றார்கள், டாக்கெட்டில் ஏறியது. ஜூன் கெடு முடிந்த பிறகு அலுவலர்கள் கையில் எடுத்தார்கள்.

இலையுதிர் காலத்தில், கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்லும் பிளானிங் கமிஷன் நடத்திய பொது விசாரணைதான் கடினமானது. எதிர் வீட்டுக்காரர் எனக்கு எதிராகப் பேசினார். எங்கள் பனியைத் தள்ளிக் கொடுப்பவர், நல்ல மனிதர். "எல்லாம் சரி, கார் எங்கே நிற்கும்? என் வாசலிலா?" அவர் கேட்டதில் தப்பில்லை, அரங்கில் பாதிப் பேர் அதையேதான் கேட்டார்கள். கமிஷன் உறுப்பினர்கள் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். இரவு பத்தரை வரை உட்கார்ந்து ஒவ்வொரு நிபந்தனையாகச் சேர்த்தார்கள். பெரிய தெருவைத் தொடும் முனை மனைகளில் மட்டும், இரவு ஒன்பதுக்கு மேல் கூடாது, காரிலிருந்தபடி வாங்கும் ஜன்னல் கூடாது. இதற்கிடையே சிறு கடைகளுக்குக் கட்டாயப் பார்க்கிங் கேட்பதைக் கட்டுப்படுத்தி மாநிலமே ஒரு சட்டம் போட்டிருந்ததால், பார்க்கிங் கணக்கை அவர்கள் ரொம்ப இழுக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு மாநிலச் சட்டம் என் மனுவைப் பின்னுக்குத் தள்ளியது. இந்த முறை காப்பாற்றியது.

நிறைவேற்றுவதற்கு 60 நாள் முன்பே மாநில வணிகத் துறைக்கு வரைவை அனுப்ப வேண்டும். அனுப்பியிருந்தார்கள். டிசம்பரில் கவுன்சில் ஓட்டுப் போட்டது, ஐந்துக்கு இரண்டு. அறிவிப்பு வெளியான பிறகு மேல்முறையீட்டுக்கு 60 நாள். நாள்காட்டியில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். யாரும் போகவில்லை.

கடை இன்னும் வரவில்லை. தெருமுனை வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. இரண்டு தெரு தள்ளி ஒருவர் கராஜை மாற்றிக் கடை போட வரைபடம் கொடுத்திருப்பதாகக் கேள்வி. போன வாரம் சிட்டி ஹாலில் விசாரித்தேன், தீயணைப்புத் துறையின் குறிப்புக்காகக் காத்திருக்கிறதாம். அம்மாவிடம் போனில் சொன்னேன். "சரி, பால் விப்பானா?" என்று கேட்டார். அது எனக்கும் தெரியவில்லை.