ஹாமெல் விளக்கின் கீழே

கப்பல் வேலையை விட்டுக் கரையேறி, தென்கொரியாவின் யோசு நகரில் துறைமுகப் பணியில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மீன் சந்தையில் ‘கல்ச்சி’ என்று விற்பது நம்முடைய வாளைமீன்தான் என்பதைத் தூத்துக்குடிக்காரனான நான் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன். இவ்வூரார் பெருமையாகப் பேசும் கடுகுக்கீரைக் கிம்ச்சிக்கு நாக்குப் பழக ஓராண்டு பிடித்தது. மொழிதான் இன்னும் முழுதாக வசப்படவில்லை.

பழைய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் முனையில் நிற்கும் சிவப்புக் கலங்கரை விளக்கத்துக்கு ஹாமெல் என்ற டச்சுக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ஸ்பெர்வர்’ கப்பலில் கணக்கராக இருந்தவர் அவர். தைவானிலிருந்து நாகசாகிக்குப் போன அக்கப்பல் 1653 ஆகஸ்ட் 16 அன்று ஜேஜு தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. 64 பேரில் 36 பேர் பிழைத்தார்கள். கேப்டன் இறந்துவிட்டார். கரையில் காவலுக்கு நடுவே இருந்துகொண்டே முதன்மை மாலுமி சூரியனின் உயரத்தை அளந்து, தாங்கள் இருப்பது அட்சரேகை 33 பாகை 32 கலை, ஆகவே இது இன்ன தீவு என்று சொன்னாராம். அந்தக் கணக்கைப் பரீட்சைக்காக மட்டுமே போட்டுப் பழகிய எனக்கு, எல்லாம் போன பிறகும் ஒரு மனிதர் முதலில் தன் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டார் என்பது பெரிய விஷயமாகப்படுகிறது.

சில வாரங்கள் கழித்து அவர்களிடம் பேச, செந்தாடிக்காரர் ஒருவரைச் சியோலிலிருந்து அழைத்து வந்தார்கள். வெல்தெவ்ரே என்ற அந்த டச்சுக்காரர் 1627இல் தண்ணீர் எடுக்கக் கரையிறங்கிப் பிடிபட்டவர். உடன் பிடிபட்ட இருவரும் போரில் இறந்துவிட, தாய்மொழி பேச ஆளின்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். ஆகவே சொந்த நாட்டாரைப் பார்த்ததும் அவருக்குச் சொற்கள் வரவில்லை. ஒரு மாதம் பேசிப் பழகித்தான் மொழியை மீட்டார். அவர் உடையின் கழுத்துப்பட்டை நனையும்வரை அழுதார் என்கிறது ஒரு கொரியக் குறிப்பு. அந்நியரை வெளியே அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை என்ற செய்தியைச் சொன்னவரும் அவர்தான்.

மற்றவர்கள் முதலில் சியோலில் மன்னரின் துப்பாக்கிக் காவலர்களாக இருந்தார்கள். 1655இல் மஞ்சூரியத் தூதரின் குதிரைமுன் ஓடி உதவி கேட்ட முதன்மை மாலுமியும் இன்னொருவரும் சிறையில் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எஞ்சியவர்களைத் தென்கோடியிலுள்ள கங்ஜினுக்கு அனுப்பினார்கள். அங்கே படைத்தலைவரின் முற்றத்தில் புல் பிடுங்கினார்கள், விறகு சுமந்தார்கள், பிச்சையும் எடுத்தார்கள். வெளிநாட்டுக் கதை கேட்பதில் பௌத்தத் துறவிகளுக்கு ஆர்வம் அதிகம் என்பதால் அவர்களிடம்தான் நல்ல வரவேற்பு கிடைத்ததாம். என் வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் முதியவர் யானையைப் பற்றி வாரம் தவறாமல் விசாரிப்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது.

பஞ்சத்துக்குப் பின் மிஞ்சிய 22 பேரை 1663இல் மூன்று ஊர்களுக்குப் பிரித்தபோது ஹாமெல் யோசுவுக்கு வந்து சேர்ந்தார். பக்கத்துத் தீவுகளில் பஞ்சு வாங்கப் போவதாகச் சொல்லி, இருமடங்கு விலை கொடுத்து ஒரு படகை வாங்கி, 1666 செப்டம்பரில் எட்டுப் பேர் தப்பி நாகசாகியை அடைந்தார்கள். அவர் எழுதிய அறிக்கையின் நோக்கங்களுள் ஒன்று, பதின்மூன்று ஆண்டுச் சம்பள பாக்கியைக் கம்பெனியிடம் கேட்பது. கப்பல்காரன் என்ற முறையில் அதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை. ஒரு கப்பலில் என் நான்கு மாதச் சம்பளமும் அப்படித்தான் நின்றது.

ஆனால் என் மனம் ஹாமெலைவிட வெல்தெவ்ரேயிடமே போகிறது. அவர் தப்பவில்லை, மனைவி மக்களோடு இங்கேயே இருந்துவிட்டார். போன ஞாயிறு அம்மாவிடம் பேசும்போது, ‘ஆமா’ என்று சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் என் வாயில் கொரியச் சொல்லான ‘நே’தான் வந்தது. மூன்றாவது முறை அம்மா பேச்சை நிறுத்தி, “ஏல, அதென்ன நே நேங்க, பல்லு வலியா?” என்று கேட்டாள்.