தும்மாமல் கலந்த 14 பை

நேற்று சாயந்திரம் செடி வைக்கிற 14 பைக்கு மண்கலவை போட்டு முடித்தேன். ஒரு தும்மல் கூட வரவில்லை. கண் அரிக்கவில்லை, ராத்திரி மூக்கு அடைக்கவில்லை. கீழே இறங்கியதும் அத்தை, "இன்னாமா, சத்தமே காணோம்? மேல வேலை செஞ்சியா இல்லியா?" என்று கேட்டார்கள். தண்டையார்பேட்டையில் இந்த மாடித்தோட்டத்துக்கு இது ஆறாவது ஆடிப்பட்டம். கலவை போட்ட நாளில் நான் நிம்மதியாகத் தூங்கியது இதுதான் முதல் தடவை.

போன வருஷம் வரை என் தும்மலுக்கு வீட்டில் எல்லோரும் பழி போட்டது மல்லிகை மேல்தான். தொட்டியோடு தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் விடவில்லை. பிறகுதான் தோல் பரிசோதனைக்குப் போனேன். சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, முன்கையில் தூசி, பூஞ்சை, மகரந்தச் சாறுகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊசி நுனியால் குத்தி, 20 நிமிஷம் உட்கார வைத்தார்கள். நன்றாகத் தடித்தது தூசிப்பூச்சிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கும். மகரந்தத்தில் கீரை இனம் மட்டும் லேசாகத் தடித்தது. மல்லிகை, செம்பருத்தி மகரந்தம் கனமானது, பூச்சி தூக்கிப்போனால்தான் உண்டு. கீரைப் பூவின் மகரந்தமோ காற்றிலேயே பறக்கும். அதனால் இப்போது முளைக்கீரையைப் பூ விட விடுவதில்லை, விதையைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். மல்லிகை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பூஞ்சை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மாடிப்படி அறையில் இருந்த எருமூட்டை நனைந்தது. பொங்கலுக்கு அப்புறம் அதைப் பிரித்துக் கொட்டினேன், சாம்பல் நிறத்தில் புகை மாதிரி கிளம்பியது. மூன்று நாள் மூச்சு வாங்கியது. காய்ந்த எருவையும் கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூளையும் கொட்டிக் கிளறுகிற அந்தப் பத்து நிமிஷம்தான் என் எதிரி. முகக்கவசம் மட்டும் போதாது. என்95 போட்டுக்கொண்டு கிளறினாலும் தலைமுடியிலும் புடவையிலும் ஒட்டின தூசி படுக்கை வரைக்கும் வந்துவிடும்.

அதனால் இந்தத் தடவை ஒரே விதி: நனையாத எதையும் பிரிப்பதில்லை. எருமூட்டையின் வாயை அவிழ்க்காமல் கோணி ஊசியால் மேலே ஏழெட்டு ஓட்டை போட்டு, மூன்று சொம்புத் தண்ணீரை மெதுவாக விட்டு, மூட்டையைப் புரட்டிப் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அடிப்பக்கம் இன்னும் காய்ந்திருந்தது, அங்கே இன்னொரு சொம்பு. 5 கிலோ கோகோபீட் கட்டியை உடைக்காமல் அப்படியே டிரம்மில் இறக்கி 25 லிட்டர் ஊற்றி மூடிவிட்டேன். வேப்பம்புண்ணாக்கைத் தூளாக வாங்குவதை விட்டாச்சு. கட்டியை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுகிறேன், நாற்றம் ஒரு நாள் இருக்கும், பரவாயில்லை. வேர் அழுகாமல் இருக்கப் போடுகிற டிரைக்கோடெர்மா பொடிதான் ரொம்பச் சோதித்தது. டால்க் பொடியில் கலந்து வருவதால் பாக்கெட்டை வெட்டினவுடனே முகத்தில் அடிக்கும். அதுவும் ஒரு பூஞ்சைதானே. இப்போது பாக்கெட்டை வாளித் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்து, உள்ளேயே கத்தரிக்கோலால் வெட்டுகிறேன். பால் மாதிரி கரைந்துவிடுகிறது, ஒரு துகள் மேலே வருவதில்லை.

தண்ணீர் கூடினால் கலவை சேறாகி வேர் அழுகும், குறைந்தால் தூசி. சரியான பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும், கையில் ஈரம் இருக்கணும், சொட்டக்கூடாது. ஒவ்வொரு பைக்கும் ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பை சேறாகிவிட்டது, மணல் போட்டுச் சரி செய்தேன்.

காற்றையும் பார்க்கணும். ஆடியில் காலையில் மேற்குக் காற்று, மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று. இரண்டும் மாறுகிற நேரத்தில் மாடியில் சுழன்று அடிக்கும், அப்போது கை வைப்பதில்லை. கடற்காற்று நிலையாக வந்த பிறகு கிழக்கே முதுகு காட்டி நின்றுதான் கலந்தேன். முடிந்ததும் நேராகக் குளியல், துணி தனி வாளியில். மூக்கு ஸ்ப்ரேயை அந்தந்தப் பக்கக் காதை நோக்கிச் சாய்த்து அடிக்கணும், நடுத்தண்டில் அடித்தால் புண்ணாகும். இது தெரியாமல் ஒரு வருஷம் ரத்தம் வந்துகொண்டிருந்தது எனக்கு.

டிரம் கொருக்குப்பேட்டையில் பழைய சாமான் கடையில் எடுத்தது, இறுக்கமான மூடியோடு. எரு வாங்கிய நர்சரி மேல் மட்டும் கோபம் தீரவில்லை. மக்கியது என்று சொல்லிக் கொடுத்த ஒரு மூட்டையில் பாதி பச்சைச் சாணம், உள்ளே வெள்ளைப் பூஞ்சை. அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த தடவை மாதவரம் தோட்டக்கலைப் பூங்காவுக்கே போய், பார்த்து வாங்குவதாக இருக்கிறேன். அங்கே போனால் பந்தலுக்குப் புடலை விதையும் கேட்கணும், குட்டைப் புடலை.

கம்போஸ்ட் தொட்டிக்கு இன்னும் வழி தெரியவில்லை. கிளறினால்தான் சீக்கிரம் மக்கும், கிளறினால் எனக்கு ஆகாது. ஒரு மாதமாக மூடியைத் திறக்கவில்லை. படுக்கவைத்து உருட்டுகிற டிரம்மாக மாற்றினால் திறக்காமலே புரளும் என்று தோன்றுகிறது, அதே கடையில் இன்னொரு டிரம் சொல்லி வைத்திருக்கிறேன். கத்தரி நாற்று இப்போதுதான் மூன்றாவது இலை விட்டிருக்கிறது. 14 பையும் ஈரத்தோடு காத்திருக்கின்றன.