ஐஸ் ஹவுஸில் இருந்தது கனிமமா?

நமக்குக் கனிமவியல் நடத்திய சார் காலமான செய்தி வந்த அன்று, சிங்கப்பூரிலும் மெல்போர்னிலும் இருக்கும் அவருடைய பழைய மாணவர்களான நம்மவர்கள் முதலில் நினைவுகூர்ந்தது, அவர் மாதிரிகளை அடுக்கி நம் முன் வைத்த சனிக்கிழமை டிரேயைத்தான். கல்கண்டு, நெய்வேலி பழுப்பு நிலக்கரி, ஒரு முத்து, இரண்டு ஸ்படிக மணி, பல்லாவரத்துச் சார்னோகைட் துண்டு. எது கனிமம், எது இல்லை, ஏன்? அந்த ‘ஏன்’ வரிக்குத்தான் சார் மதிப்பெண் போடுவார்.

கனிமம் என்றால் இயற்கையில் உருவாகியிருக்க வேண்டும். திடமாக இருக்க வேண்டும். வேதி இயைபு ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். நான்கையும் தனித்தனியே கேட்கச் சொல்வார். கல்கண்டு நல்ல படிகம், இயைபும் திட்டமானது. ஆனால் மனிதர் பாகு காய்ச்சி எடுத்தது. நிலக்கரி மண்ணுக்கடியில் கிடைப்பதுதான். ஆனால் தாவரம் புதைந்து மாறிய அதற்கு ஒரே இயைபும் கிடையாது, படிக அடுக்கும் கிடையாது. முத்தில் அரகோனைட் படிகங்கள் இருந்தாலும், சிப்பி அவற்றைப் புரதத்தோடு சேர்த்துச் சுரக்கிறது. சார்னோகைட்டோ பல கனிமங்கள் சேர்ந்த பாறை.

ஸ்படிக மணியில்தான் எல்லோரும் திணறுவார்கள். ஒன்று குவார்ட்ஸ், மற்றது கண்ணாடி. இரண்டும் பளபளக்கும், இரண்டிலும் உடைந்த பரப்பு சிப்பி ஓடுபோல் வளைந்திருக்கும். முதலில் 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். உருண்டைக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. குமிழி இல்லை என்பதற்காகக் குவார்ட்ஸ் என்று எழுதிவிடக் கூடாது. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தாள்கள் இரண்டைக் குறுக்காக வைத்து, அவற்றுக்கு நடுவே மணியைத் திருப்ப வேண்டும். கண்ணாடி பெரும்பாலும் இருட்டாகவே நிற்கும். குவார்ட்ஸ் ஒளிர்ந்து மங்கும். ஒரே வாக்கில் பார்த்தால் ஏமாறுவோம் என்பதால் இரண்டு மூன்று பக்கமாகப் பார்க்கச் சொல்வார். இருட்டு என்றாலே படிகமில்லை என்றும் ஆகாது. கார்னெட் அசல் படிகம், அதுவும் இருட்டாகத்தான் நிற்கும். சந்தேகம் தீர, அணு அடுக்கில் பட்டு எக்ஸ்ரே சிதறும் விதத்தை வரைபடமாகக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனை வேண்டும்: படிகம் கூரான உச்சிகளைத் தரும், கண்ணாடி அகன்ற மேடு ஒன்றைத் தரும். அதிலும் தேறிய குவார்ட்ஸ், ஆட்டோகிளேவ் என்ற உயர் அழுத்தக் கலனில் மனிதர் வளர்த்ததாக இருந்தால் கனிமம் ஆகாது. பொருளைப் பார்த்தால் மட்டும் போதாது, வந்த வழியையும் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

அதை மறக்கவே முடியாதபடி பதியவைத்தது ஐஸ் ஹவுஸ் கேள்வி. சென்னை மெரினா எதிரே 1842-இல் கட்டிய அந்தக் கட்டடத்தில் அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து வைத்தார்கள். அது கனிமம். நம் லேப் ஃபிரிட்ஜில் உறைவது அதே இயைபு, அதே படிக அமைப்பு. ஆனால் கனிமம் அல்ல. பாதரசம் மைனஸ் 39 டிகிரிக்கு மேல் திரவம், ஆனாலும் கனிமங்களின் பட்டியலில் இருக்கிறது. பழைய வழக்கை மதித்து விட்டுவைத்த விலக்கு அது என்று சார் சொல்வார்.

சார்னோகைட்டில் அவருக்குத் தனிப் பிரியம். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் பெயர் வைத்த பாறை நம் பல்லாவரத்திலேயே கிடைக்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அதிலிருக்கும் பைராக்ஸீன் வகைக் கனிமத்தை நாம் ரெக்கார்ட் நோட்டில் ஹைப்பர்ஸ்தீன் என்று எழுதினோம். 1988-இல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் அந்தப் பெயரை நீக்கியது. அந்தக் கனிமத்தில் மக்னீசியமும் இரும்பும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும். மக்னீசியம் பாதிக்கு மேல் என்றால் என்ஸ்டடைட், இரும்பு மிகுந்தால் ஃபெரோசிலைட். இயைபு ‘ஒரு வரம்புக்குள்’ என்று அவர் ஏன் அழுத்திச் சொன்னார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பல்லாவரத்துக் குன்று பஸ் தூரத்தில் இருந்த வயதில் நாம் விசாவுக்குக் காத்திருந்தோம். மெரினாவில் அலை ஒதுக்கும் கருமணலிலிருந்து மேக்னடைட்டைக் காந்தத்தால் எடுத்து, இல்மனைட்டையும் கார்னெட்டையும் தனியாக்கி சார் சேர்த்த மாதிரிகளை, அவர் ஓய்வுபெற்ற பிறகு தொடர்ந்து பார்க்க நம்மில் ஒருவரும் ஊரில் இல்லை. அது நியாயமில்லை என்று இப்போது படுகிறது. அந்தப் புட்டிகளின் லேபிள்களை யாராவது படம் எடுத்து அனுப்பினால், எந்த இடம், எந்தப் பருவம் என்று பட்டியலாவது போட்டுவிடலாம்.