விடுப்புப் போர்ட்லெட் நாட்குறிப்பு

மார்ச் 4, திங்கள்

விடுப்பு விண்ணப்பப் போர்ட்லெட் இன்று என் தலையில் விழுந்தது. போர்ட்லெட் என்பது போர்ட்டல் என்ற வலைத்தளத்தின் பக்கத்தில் ஒரு பெட்டியாக வந்து உட்காரும் ஜாவா நிரல். எழுதியவர் வேறு குழுவுக்குப் போய்விட்டார். ஒரே கிளாஸ், 1,140 வரி. ஜெனெரிக்போர்ட்லெட் என்ற அடிப்படைக் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து எழுதியிருக்கிறார். 'செயல்' என்று ஒரு பாராமீட்டர் வரும். அதன் மதிப்பு என்ன என்று இஃப்-எல்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். சேமி, திருத்து, நீக்கு, ஒப்புதல், நிராகரி... எண்ணிப் பார்த்தேன், 17 கிளை. கடைசிக் கிளையின் பெயர் 'பழையது'. எதற்கு என்று கேட்கக்கூட ஆளில்லை.

கூடவே ஒரு புகாரும் வந்திருக்கிறது. ஒருவர் ஒரு நாள் விடுப்புக் கேட்டால் சில சமயம் மூன்று நாள் பதிவாகிவிடுகிறதாம். எப்போது அப்படி ஆகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு வரியை மாற்றினால் பில்ட், டெப்லாய், போர்ட்டல் எழுந்திருக்கும் வரை காத்திருப்பு, லாகின், அந்தப் பக்கத்துக்குப் போய் க்ளிக். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 6 நிமிடம். இன்று 19 தடவை இதைச் செய்திருக்கிறேன். டெஸ்ட் ஃபோல்டர் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

மார்ச் 5, செவ்வாய்

ஆள் அகப்பட்டுவிட்டது. டேட்டாபேஸில் பதியும் இன்சர்ட் வரி, திரையில் காட்டுவதற்கான டூவியூ மெத்தடுக்குள் உட்கார்ந்திருக்கிறது!

பிராசஸ்ஆக்‌ஷன் (பயனர் பொத்தானைத் தட்டினால் ஓடும் மெத்தட்) செய்வது ஒரே வேலைதான். வந்த பாராமீட்டர் அத்தனையையும் அள்ளி செட்ரெண்டர்பாராமீட்டர்ஸில் (வரையும்போது திரும்ப வரும் மதிப்புகள்) போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. உண்மையான வேலை எல்லாம் டூவியூவில். சர்வ்லெட் (சாதாரண ஜாவா வலை நிரல்) எழுதிப் பழகிய கை இப்படித்தான் எழுதும். அங்கே ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் ஒரு மெத்தட் ஓடும், கதை முடிந்தது. போர்ட்லெட்டோ பக்கத்தை வேறு பல போர்ட்லெட்டுகளோடு பங்கு போட்டுக்கொள்கிறது. பயனர் அதே பக்கத்திலுள்ள நாட்காட்டிப் போர்ட்லெட்டில் அடுத்த மாதத்தைத் தட்டினாலும், பக்கத்தைத் திரும்பக் கட்ட போர்ட்டல் நம்முடையதையும் 'உன்னை வரைந்து காட்டு' என்று அழைக்கும். அப்போது நம்முடைய பழைய ரெண்டர் பாராமீட்டர்களையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும். அதில் 'செயல்=சேமி' இருக்கிறது. மறுபடி ஒரு இன்சர்ட்.

நாட்காட்டியை இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். மூன்று பதிவு. விதிப்படியேதான் எல்லாம் நடந்திருக்கிறது. மாற்றம் செய்வது ஆக்‌ஷனில், காட்டுவது மட்டும் ரெண்டரில் என்று 2003இல் வந்த முதல் போர்ட்லெட் விதியே சொல்கிறது.

இன்சர்ட்டை மட்டும் இடம் மாற்றிவிட்டுப் போகலாம். ஆனால் மீதி 16 கிளையிலும் இதே போல் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ. பிரித்து எழுத அனுமதி கேட்டேன். மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 7, வியாழன்

முதலில் கூடுதல் ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்லாமல் முயற்சி. முதல் போர்ட்லெட் விதியான ஜேஎஸ்ஆர் 168 வந்தது 2003 அக்டோபரில். ஜாவாவுக்கு அனொட்டேஷன் (மெத்தட் தலையில் @ போட்டு ஒட்டும் குறிப்பு) வந்ததே 2004இல், ஜாவா 5உடன். ஆகவே பழைய ஆட்கள் இஃப்-எல்ஸில் எழுதியதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2008 ஜூனில் இரண்டாம் விதியான ஜேஎஸ்ஆர் 286 வந்தபோது ஜெனெரிக்போர்ட்லெட்டுக்கு மூன்று அனொட்டேஷன் கிடைத்தது: @பிராசஸ்ஆக்‌ஷன், @ரெண்டர்மோட், @பிராசஸ்ஈவன்ட். யூஆர்எல்லில் 'ஜாவாக்ஸ்.போர்ட்லெட்.ஆக்‌ஷன்' என்ற பாராமீட்டரில் என்ன பெயர் வருகிறதோ, அந்தப் பெயரைத் தன் அனொட்டேஷனில் தாங்கிய மெத்தட் ஓடும். இஃப்-எல்ஸ் சங்கிலிக்கு வேலை இல்லை.

நான்கு கிளையைத் தனித்தனி மெத்தடாக உருவி எடுத்தேன். டெஸ்டும் அதே பேக்கேஜில்தானே இருக்கிறது என்று மெத்தடுகளின் பப்ளிக்கை நீக்கிவிட்டேன். சுத்தமாக இருக்கட்டும் என்ற ஆசை. டெஸ்ட் எல்லாம் பச்சை. போர்ட்டலில் ஏற்றி 'சேமி'யைத் தட்டினால், பிராசஸ்ஆக்‌ஷன் மெத்தட் எழுதப்படவில்லை என்று எக்ஸெப்ஷன்.

எழுதப்படவில்லையா? கண் முன்னால் இருக்கிறதே!

அரை நாள் போனது. ஜெனெரிக்போர்ட்லெட்டின் சோர்ஸைத் திறந்த பிறகுதான் புரிந்தது. இனிட் நேரத்தில் அது கிளாஸில் உள்ள பப்ளிக் மெத்தடுகளை மட்டும் பார்த்து, அனொட்டேஷன் உள்ளவற்றை ஒரு மேப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது. பப்ளிக் இல்லாதது அதன் கண்ணில் படாது. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. என் டெஸ்ட் மெத்தடை நேராகக் கூப்பிட்டதால் அதற்கும் தெரியவில்லை.

இன்னொரு குறை. மெத்தட் பிரிந்தாலும் உள்ளே வருவது இன்னும் ஆக்‌ஷன்ரிக்வெஸ்ட், ஆக்‌ஷன்ரெஸ்பான்ஸ்தான். தேதியை ஸ்ட்ரிங்காக எடுப்பது, மாற்றுவது, நல் (வெற்று மதிப்பு) பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு.

மார்ச் 8, வெள்ளி

ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க் பக்கம் போவது என்று முடிவு. 2007இல் வந்த ஸ்பிரிங் 2.5இலேயே போர்ட்லெட்டுக்கு @கன்ட்ரோலர் (ரிக்வெஸ்டுகளைக் கையாளும் கிளாஸ்) எழுத முடிந்தது. 2009இன் 3.0இல் @ஆக்‌ஷன்மேப்பிங், @ரெண்டர்மேப்பிங், @ரிசோர்ஸ்மேப்பிங், @ஈவன்ட்மேப்பிங் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பெயர் கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், 2017இல் ஸ்பிரிங் 5 வந்தபோது போர்ட்லெட் பகுதியையே வெட்டி எறிந்துவிட்டார்கள். அதை எடுத்து போர்ட்டல் நிறுவனமான லைஃப்ரே 'போர்ட்லெட்எம்விசி4ஸ்பிரிங்' என்ற பெயரில் தொடர்கிறது. அனொட்டேஷன் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, பேக்கேஜ்தான் வேறு.

பக்கத்து நாற்காலிக்காரர், "பேசாம ஸ்பிரிங் 4.3லயே இருந்துடுங்களேன்" என்றார். பேசாமல் இருந்ததால்தான் இந்த 1,140 வரி. புதியதையே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 11, திங்கள்

இன்று எழுதியதில் ஒன்றை மட்டும் குறித்து வைக்கிறேன்.

பழைய 'சேமி' கிளை 61 வரி. அதில் 23 வரி கெட்பாராமீட்டரும் தேதி மாற்றலும். புதியது 9 வரி. மேலே @ஆக்‌ஷன்மேப்பிங்("சேமி"). உள்ளே வருவது மூன்று: நிரப்பப்பட்ட விடுப்பு ஆப்ஜெக்ட் (@மாடல்அட்ரிபியூட் போட்டது), பிழைகளைச் சுமக்கும் பைண்டிங்ரிசல்ட், ஆக்‌ஷன்ரெஸ்பான்ஸ். பிழை இருந்தால் 'பக்கம்=திருத்து' என்று ஒரு ரெண்டர் பாராமீட்டர்; இல்லையென்றால் சேமித்துவிட்டு 'பக்கம்=பட்டியல்'. கீழே @ரெண்டர்மேப்பிங்(பாராம்ஸ் = "பக்கம்=பட்டியல்") போட்ட இன்னொரு மெத்தட், பட்டியலை எடுத்துத் தருவதோடு சரி. அங்கே ரெபாசிட்டரியின் (டேட்டாபேஸோடு பேசும் பகுதி) படிக்கும் பாதி மட்டும்தான் கையில் இருக்கிறது. சேமிக்க நினைத்தாலும் முடியாது. இதை அனொட்டேஷன் செய்யவில்லை, நான்தான் இரண்டு இன்டர்ஃபேஸாகப் பிரித்தேன். ஆனால் மெத்தடுகள் தனித்தனியாக நின்றதால்தான் அந்த யோசனையே வந்தது.

பழைய கிளாஸில் இன்னொரு பயங்கரமும் இருந்தது. 'நடப்பு விண்ணப்பம்' என்று ஒரு இன்ஸ்டன்ஸ் ஃபீல்டு. போர்ட்லெட்டுக்கு ஒரே ஆப்ஜெக்ட்தான், எல்லாப் பயனர்களின் ரிக்வெஸ்டும் ஒரே நேரத்தில் அதற்குள்தான் ஓடும். ஒருவருடைய மருத்துவ விடுப்புக் காரணம் இன்னொருவர் திரையில் தெரிந்திருக்க வாய்ப்பிருக்கிறது. யாரும் புகார் செய்யவில்லை என்பது நிம்மதியா பயமா, தெரியவில்லை. இப்போது எல்லாம் மெத்தட் பாராமீட்டராக வருவதால் அந்த ஃபீல்டு தானாகவே போய்விட்டது.

டெஸ்ட்? ஒரு விடுப்பு ஆப்ஜெக்ட், ஒரு மாக்ஆக்‌ஷன்ரெஸ்பான்ஸ். (மாக் என்பது டெஸ்டுக்கான போலி ஆப்ஜெக்ட்.) மெத்தடைக் கூப்பிடு, ரெண்டர் பாராமீட்டரைப் பார். போர்ட்டல் வேண்டாம், லாகின் வேண்டாம். விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது. 6 நிமிடத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.

மார்ச் 13, புதன்

சிரித்தது போதும்.

42 டெஸ்ட், எல்லாம் பச்சை. போர்ட்டலில் 'நிராகரி' பொத்தானைத் தட்டினால் ஹேண்ட்லர் (அதைக் கையாளும் மெத்தட்) இல்லை என்கிறது. திரையை வரையும் கோப்பான ஜேஎஸ்பியில் 'நிராகரி', அனொட்டேஷனில் 'நிரகரி'. ஒரே ஒரு துணைக்கால் குறைவு.

மார்ச் 7இல் பட்ட அதே அடி, வேறு இடத்தில். மெத்தடை நேராகக் கூப்பிடும் டெஸ்ட், அதன் தலைக்கு மேல் உள்ள அனொட்டேஷனைத் தொடுவதே இல்லை. அனொட்டேஷனைத் துடைத்துவிட்டாலும் பச்சைதான். இந்தப் பெயர்களை எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிய காலத்துத் தவறு ஒழிந்துவிடவில்லை, கிளாஸுக்குள் குடியேறியிருக்கிறது.

அனொட்டேஷன் வழியாகவே ரிக்வெஸ்டை அனுப்பிச் சோதிக்க சர்வ்லெட்காரர்களுக்கு மாக்எம்விசி இருக்கிறது. போர்ட்லெட்டுக்கு ஸ்பிரிங்கில் அப்படி ஒன்று கிடையாது. அதனால் கையால் கட்டினேன். ரிக்வெஸ்டை உரிய மெத்தடுக்கு அனுப்பும் டிஸ்பாட்சர்போர்ட்லெட்டை டெஸ்டுக்குள்ளேயே உருவாக்கி, அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் உருவாக்கும் மெத்தடை ஓவர்ரைட் செய்து, அதில் என் கன்ட்ரோலரையும் பொய் ரெபாசிட்டரியையும் மட்டும் பதிந்தேன். மாக்போர்ட்லெட்கான்ஃபிக் கொடுத்து இனிட். அப்புறம் மாக்ஆக்‌ஷன்ரிக்வெஸ்டில் ஆக்‌ஷன் பெயரை வைத்து பிராசஸ்ஆக்‌ஷனைக் கூப்பிட வேண்டியதுதான். ரிக்வெஸ்ட் இப்போது முன்வாசல் வழியாக நுழைகிறது. ஜேஎஸ்பியை உண்மையில் வரைய வேண்டியதில்லை. ரெண்டர் மெத்தடையும் ஓவர்ரைட் செய்து, எந்த வியூ பெயர், என்ன மாடல் என்று பிடித்துக்கொண்டால் போதும்.

ஆக்‌ஷன் பெயர்களை ஒரு கான்ஸ்டன்ட் கிளாஸில் வைத்து ஜேஎஸ்பி, கன்ட்ரோலர் இரண்டிலும் அதையே எடுக்கிறேன். டெஸ்டில் மட்டும் வேண்டுமென்றே பெயரை முழுசாக எழுதுகிறேன். அங்கேயும் கான்ஸ்டன்ட் என்றால் எழுத்துப்பிழை மூன்று இடத்திலும் ஒற்றுமையாக இருக்கும்.

மார்ச் 18, திங்கள்

'ஒப்புதல்' முடிந்ததும் வேறு பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். ரெண்டர் பாராமீட்டரை வைத்துவிட்டு அடுத்த வரியில் சென்ட்ரீடைரக்ட். இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன். இரண்டில் ஒன்றுதான் செய்யலாம். மாக்ஆக்‌ஷன்ரெஸ்பான்ஸே இதைப் பிடித்துவிட்டது, போர்ட்டல் வரை போகவேயில்லை. மாக் என்றால் தலையாட்டி பொம்மை என்று நினைத்திருந்தேன். இது விதியைக் கொஞ்சம் படித்திருக்கிறது.

அது பிடிக்காத ஒன்றும் இன்றே நடந்தது. போர்ட்டலில் விடுப்பு ஆப்ஜெக்டின் ஃபீல்டுகள் அத்தனையும் நல். ஜேஎஸ்பியில் இன்புட் பெயருக்கு முன்னால் நேம்ஸ்பேஸ் டேகை (எந்தப் போர்ட்லெட்டுடையது என்று காட்டும் முன்னொட்டு) போடவில்லை. எங்கள் போர்ட்டலின் இயல்பு அமைப்பில், நேம்ஸ்பேஸ் இல்லாத பாராமீட்டர் போர்ட்லெட்டுக்கு வந்தே சேராது. மாக் ரிக்வெஸ்டில் பாராமீட்டரை வைப்பவன் நான்தானே, அது எப்படிக் காட்டிக்கொடுக்கும்? ஒவ்வொரு ஃபார்முக்கும் ஒரே ஒரு முறையாவது உண்மையான போர்ட்டலில் தட்டிப் பார்ப்பது என்று பட்டியல் போட்டிருக்கிறேன். 5 ஃபார்ம். பரவாயில்லை.

மார்ச் 20, புதன்

ஆசைக்காக போர்ட்லெட் 3.0ஐத் திறந்து பார்த்தேன். 2017இல் வந்தது, ஜேஎஸ்ஆர் 362. அதில் விதியிலேயே @ஆக்‌ஷன்மெத்தட், @ரெண்டர்மெத்தட் இருக்கிறது. சிடிஐ பீன் (கன்டெய்னர் தானே உருவாக்கிப் பராமரிக்கும் சாதாரண ஆப்ஜெக்ட்) போதும், ஜெனெரிக்போர்ட்லெட்டிலிருந்து பிறக்க வேண்டியதில்லை. ரெண்டர் மெத்தட் எதையும் வாங்காமல் ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் திருப்பித் தரலாம். அதற்கு மாக்கே வேண்டாம். புதிதாகத் தொடங்குபவன் என்றால் இதைத்தான் எடுப்பேன். எனக்கு இன்னும் மூன்று கிளை பாக்கி.

மார்ச் 21, வியாழன்

முதல் புகாருக்கான டெஸ்டைக் கடைசியாக எழுதினேன். டிஸ்பாட்சர் வழியாக ஒரு 'சேமி'. அது வைத்த ரெண்டர் பாராமீட்டர்களை அப்படியே எடுத்து மூன்று முறை ரெண்டர். பொய் ரெபாசிட்டரியில் எத்தனை பதிவு? ஒன்று.

மாலையில் பழைய ஆளைத் தற்செயலாகப் பார்த்தேன். கேட்டேவிட்டேன், "இன்சர்ட்டை ஏன் டூவியூவில வச்சீங்க?"

"ஆக்‌ஷன்லதான் வச்சேன் தம்பி. பிழைச் செய்தியை ரிக்வெஸ்ட்ல வச்சா டூவியூவுக்கு வந்தே சேரல. சரி, எல்லாத்தையும் இங்கேயே போட்டுருவோம்னு போட்டேன்."

உண்மைதான். ஆக்‌ஷனில் வைத்த அட்ரிபியூட் ரெண்டரில் இருக்கும் என்று ஜேஎஸ்ஆர் 168இல் எந்த உத்தரவாதமும் இல்லை. 286இல் அதற்கென்று ஒரு கன்டெய்னர் அமைப்பு வந்தது. ஸ்பிரிங்கோ ஆக்‌ஷனின் மாடலை செஷனில் வைத்து ரெண்டருக்கு எடுத்துக் கொடுக்கிறது. அதனால்தான் என் 9 வரியில் பிழைச் செய்தி தானாக வந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"'பழையது'ன்னு ஒரு கிளை இருக்கே, அது என்னங்க?"

"அது எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது" என்றார்.