ஆப்ஆர்மர் கான்ஃபிக் கோப்பை ஒழுங்காகப் படிக்கவைத்த கதை

ஆப்ஆர்மரோடு பழகியவர்களுக்கு லாக்ப்ராஃப்.கான்ஃப் கோப்பு தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. லினக்ஸில் ஒரு புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடலாம், வேறு எதை இயக்கலாம் என்று புரொஃபைல் என்ற விதிப்பட்டியல் எழுதிக் கட்டிப்போடும் ஏற்பாடுதான் ஆப்ஆர்மர். 2010இல் 2.6.36 கர்னலில் சேர்ந்தது, டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 10ஆம் பதிப்பு முதல் நிறுவியதுமே இயங்கும் நிலையில் வருகிறது. புரொஃபைலைக் கையால் எழுதிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அதனால் நடந்ததைப் பதிவுசெய்யும் லாகைப் படித்து, "இதை அனுமதிக்கலாமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் கருவிகள் அதோடு வருகின்றன. அவை எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்பதற்கான அமைப்புகள் அந்த லாக்ப்ராஃப் கோப்பில் இருக்கும்.

இதே வேலையைப் பல சர்வர்களுக்குச் சேர்த்துச் செய்ய எங்கள் குழுவில் ஒரு பைத்தான் கருவி இருக்கிறது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், பராமரிப்பு என் தலையில் விழுந்தது. அதற்கென்று தனி கான்ஃபிக் கோப்பு உண்டு. வடிவம் மட்டும் லாக்ப்ராஃப் கோப்பினுடையதேதான். அதிலிருந்து வரிகளை வெட்டி ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று, கான்ஃபிக் கோப்பின் க்ளாப்ஸ் பிரிவில் ஒரு வரி சேர்த்ததும் கருவி, எங்கே உடைந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸோடு விழுகிறது. இன்னொன்று, தனி புரொஃபைல் வேண்டாம் என்று குறித்துவைத்த இரண்டு புரோகிராம்களுக்குக் கருவி தனி புரொஃபைல் போடச் சொல்கிறது. முதல் புகார்தான் அவசரம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இரண்டாவதுதான் வயிற்றைக் கலக்கியது. விழுகிற கருவி விழுந்ததாவது தெரியும். பாதுகாப்புக் கருவி கான்ஃபிக்கைத் தப்பாகப் படித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு ஓடிக்கொண்டிருந்தால், அது எத்தனை நாளாக நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

குவாலிஃபையர்ஸ் என்ற பிரிவில் இடப்பக்கம் புரோகிராமின் முழுப் பாதை, சமக்குறி, வலப்பக்கம் சில ஆங்கில எழுத்துகள். ஐ என்றால் அழைத்த புரோகிராமின் புரொஃபைலுக்குள்ளேயே ஓடும். பி என்றால் தனி புரொஃபைல். யூ என்றால் கட்டுப்பாடே இல்லை. பாஷ் ஷெல்லுக்கான வரியில் பி இருக்காது. ஷெல்லுக்கென்று தனி புரொஃபைல் போட்டால் எல்லாம் உடையும் என்று அந்தக் கோப்பிலேயே ஒரு எச்சரிக்கையும் எழுதியிருக்கிறார்கள்.

நான் செய்த முதல் வேலை, கோப்பைப் படித்து முடித்த நிலையில் பைத்தான் கையில் என்ன இருக்கிறது என்று மேற்கோள் குறிகளோடு அப்படியே அச்சிட்டுப் பார்த்தது. முதல் புரோகிராமின் பெயரில் ஒரு கேப்பிட்டல் எக்ஸ் உண்டு. அச்சில் அது சின்ன எக்ஸ். கான்ஃபிக் கோப்பைப் படிக்க பைத்தானோடு வரும் கான்ஃபிக்பார்ஸர், நாம் எதுவும் சொல்லாவிட்டால் இடப்பக்கப் பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தாக மாற்றிவிடும். சாதாரண அமைப்புகளுக்கு அது வசதிதான். லினக்ஸ் பாதையில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு ஆயிற்றே! தேடும்போது பெயர் பொருந்தவில்லை, கருவி பொது வழக்கத்துக்குப் போய்விட்டது. ஆப்ஆர்மரின் சொந்தக் கருவிகள் இந்த மாற்றத்தை வெளிப்படையாக அணைத்துவைத்திருக்கின்றன. எங்கள் கருவியில் அந்த ஒரு வரி இல்லை.

இரண்டாவது புரோகிராமின் கதை இன்னும் மோசம். வரியில் ஐ என்று மட்டும் போட்டு, இடம் விட்டு, # போட்டு, 'டெம்பரரி' என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியிருந்தார்கள். பைத்தான் 3.2இலிருந்து கான்ஃபிக்பார்ஸர் வரி நடுவில் வரும் குறிப்புகளை வெட்டுவதில்லை. வேண்டுமென்றால் நாம்தான் கேட்க வேண்டும். ஆக, குறிப்பும் மதிப்போடு சேர்ந்தே உள்ளே வந்தது. எங்கள் கருவியோ மதிப்புக்குள் பி என்ற எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 'டெம்பரரி' என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு பி இருக்கிறது. அவ்வளவுதான், தனி புரொஃபைலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

ஸ்டாக் ட்ரேஸ் விஷயம் இதைவிட எளிது. க்ளாப்ஸ் பிரிவில் இடப்பக்கம் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளின் அமைப்பைத் தேடும் வாய்பாடு, வலப்பக்கம் அதற்கு மாற்று. ஹோமுக்குக் கீழே வரும் பயனர் பெயரை * ஆக்குவது போன்ற வரிகள். புதிதாகச் சேர்த்த வரியில் (?: என்று தொடங்கும் குழு ஒன்று இருந்தது. கான்ஃபிக்பார்ஸருக்குச் சமக்குறியும் பிரிப்பான், முக்காற்புள்ளியும் பிரிப்பான், எது முதலில் வருகிறதோ அங்கே வெட்டிவிடும். அதனால் எக்ஸ்பிரஷன் (? என்பதோடு அறுந்து, மிச்சம் முழுக்க மதிப்பாகிவிட்டது. அந்த அரைகுறை எக்ஸ்பிரஷனைக் கம்பைல் செய்யப் போய்க் கருவி விழுந்தது. இந்தக் கருவிகள் முதலில் பெர்லில் எழுதப்பட்டு, 2.9 பதிப்பில்தான் பைத்தானுக்கு வந்தன. கோப்பின் வடிவம் அந்தப் பெர்ல் காலத்தது. பார்த்தால் .ini வகைக் கான்ஃபிக் கோப்பு மாதிரி தெரியும், ஆனால் இடப்பக்கம் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வரும் என்று .ini பார்ஸர் எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, திருத்தம். பிரிப்பான் சமக்குறி மட்டும், எழுத்து மாற்றம் அணைப்பு, சதவீதக் குறி போட்டு இன்னொரு மதிப்பை இழுத்துவரும் விரிவாக்கமும் அணைப்பு. கடைசியாகச் சொன்னது யாரும் புகார் செய்யாத ஒன்று. மதிப்பில் தனி % ஒன்று இருந்தால் கோப்பைப் படிக்கும்போது எரர் வராது, அந்த மதிப்பை எடுக்கும்போதுதான் வரும். பாதி வேலை ஆன பிறகு கருவி சாய்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

வரி நடுக் குறிப்பை என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம். "ஒரு ஆப்ஷனைப் போட்டா பார்ஸரே வெட்டிடுமே, ஏன் சார் கஷ்டப்படுறீங்க?" என்றார் பேட்சை ரிவ்யூ செய்த தம்பி. அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் வரிகளை இரு கோப்புகளுக்கும் இடையே வெட்டி ஒட்டுகிறார்கள். லாக்ப்ராஃப் கோப்பில் குறிப்புகள் தனி வரியில்தான் இருக்கின்றன. நம் கருவி மட்டும் தாராளமாக இருந்தால், இங்கே பழகிய கை அங்கேயும் அப்படியே எழுதும். "வெட்ட வேண்டாம்பா, மறுத்துடலாம்" என்றேன். கடைசியில் அப்படித்தான் முடிவாயிற்று: குவாலிஃபையர்ஸ் மதிப்பில் அனுமதிக்கப்பட்ட எழுத்துகள் தவிர வேறு எது இருந்தாலும் கோப்பின் பெயர், பிரிவு, இடப்பக்கப் பெயர் மூன்றையும் சொல்லிவிட்டுக் கருவி நின்றுவிடும்.

இந்தச் சோதனை எதிர்பாராத இன்னொரு பிழைப் பூச்சியையும் பிடித்தது. லாக்ப்ராஃப் வடிவத்தில் வரிகள் இரண்டு இடம் உள்ளே தள்ளியிருக்கும். யாராவது ஒரு வரியை நான்கு இடம் தள்ளி எழுதினால், கான்ஃபிக்பார்ஸர் அதை முந்தைய வரியின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். புது வரி காணாமல் போய்விடும், முந்தைய மதிப்புக்கு வால் முளைக்கும். மதிப்புக்குள் புதுவரிக் குறி இருந்தால் நில் என்று க்ளாப்ஸுக்கும் ஒரு சோதனை சேர்த்தேன்.

அப்புறம், எங்கள் கருவி படிக்கும் இரண்டாவது கான்ஃபிக் கோப்பு. இது ஷெல் பாணி: பிரிவுத் தலைப்பு இல்லை, பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். தலைப்பில்லாத கோப்பைப் படிக்கும் வசதி கான்ஃபிக்பார்ஸருக்கு 3.13 பதிப்பில்தான் வந்தது. எங்கள் சர்வர்களில் இருப்பது அதைவிடப் பழையது. பழைய கோட் ஒவ்வொரு வரியையும், ஷெல் பாணி வரிகளைத் துண்டுபோடும் பைத்தானின் ஷ்லெக்ஸ் மாட்யூலிடம் கொடுத்து, கிடைத்த முதல் துண்டைச் சமக்குறியில் உடைத்தது. மதிப்புக்குள் இன்னொரு சமக்குறி இருந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று துண்டு வந்து எரர். அதை முதல் சமக்குறியில் மட்டும் உடை என்று மாற்றினால் தீர்ந்தது. சமக்குறியைச் சுற்றி இடம் விட்டு எழுதியிருந்தால் பெயர் மட்டும் முதல் துண்டாக வரும், மதிப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு கருவி நகர்ந்துவிடும். எரர் கிடையாது.

இதில் ஷ்லெக்ஸின் ஒரு குணத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. பாஷில் ஒரு சொல்லின் நடுவே வரும் # வெறும் எழுத்து. குறிப்புகளை விலக்கு என்று சொல்லிவிட்டால் ஷ்லெக்ஸுக்கு நடுவில் வந்தாலும் அது குறிப்பின் தொடக்கம். பாதையில் # இருந்த ஒரு டைரக்டரி அந்த இடத்தோடு வெட்டுப்பட்டு, கருவி இல்லாத இடத்தில் போய்த் தேடியது. விலக்கும் வசதியை அணைத்தால், குறிப்பில் யாராவது ஒற்றை மேற்கோள் போட்டிருக்கும்போது மூடாத மேற்கோள் என்று அலறும். அதனால் இப்படி வைத்தேன்: வரியே # இல் தொடங்கினால் ஷ்லெக்ஸிடம் கொடுக்காமலே தாண்டு. மற்ற வரிகளில் சரியாக ஒரு துண்டுதான் வர வேண்டும், இல்லையென்றால் நில். இரண்டு கோப்புக்கும் ஒரே சட்டம் ஆனது.

ஒன்று விட்டுப்போயிற்று: கான்ஃபிக்பார்ஸரின் படிக்கும் ஃபங்ஷனுக்கு இல்லாத கோப்பின் பாதையைக் கொடுத்தால் சத்தமே வராது, காலியான கான்ஃபிக் வரும். கோப்பை நாமே திறந்து கொடுப்பதாக மாற்றியதும் அது தீர்ந்தது.

டெஸ்ட் எழுதியதைவிட அதிகம் உதவியது வேறொன்று. எல்லா சர்வர்களின் கான்ஃபிக் கோப்புகளையும் ஓரிடத்தில் திரட்டி, பழைய முறையில் ஒரு தடவை, புதிய முறையில் ஒரு தடவை படித்து, இரண்டு விளைவுக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது டிஃப், எடுத்தேன். புகாரில் வராத சர்வர்களிலும் தப்பாகப் படிக்கப்பட்ட வரிகள் இருந்தன. பெரும்பாலும் குறிப்புகள், சில இடங்களில் கேப்பிட்டல் எழுத்துகள். தப்பைக் கண்டதும் நிற்கும் பதிப்பை நேரடியாக வெளியிட்டிருந்தால் அத்தனை இடத்திலும் ஒரே நேரத்தில் நின்றிருக்கும். அதனால் முதல் வெளியீடு எச்சரிக்கை மட்டும் செய்தது. கோப்புகளைத் திருத்தி எச்சரிக்கை ஓய்ந்த பிறகு அடுத்த வெளியீட்டில் நிற்க வைத்தோம். தப்பாகப் படித்த காலத்தில் உருவான தனி புரொஃபைல்களைத் தேடி நீக்கியது தனி வேலை. அதைத் தானியங்கியாகச் செய்யத் துணியவில்லை, ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து பார்த்தோம்.

கருவியில் கான்ஃபிக்கைத் திரும்ப எழுதிச் சேமிக்கும் வசதியும் இருந்தது. கான்ஃபிக்பார்ஸர் திரும்ப எழுதும்போது குறிப்புகள் அத்தனையும் போய்விடும், பாஷ் பற்றிய அந்த எச்சரிக்கை உட்பட. அந்த வசதியைச் சரிசெய்யாமல் கோட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். கோப்பை எடிட்டரில் திறந்துதான் மாற்ற வேண்டும் என்று உதவிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.